இருமல் இருந்த அறை

ஏசுவடியான் இறந்த பிறகு அவர் மனைவி லில்லிபாயின் வீட்டில் வாரத்துக்கு ஓர் அறை கூடியது. யாரும் கட்டவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்பினால் வீட்டின் நடுவில் புதிதாக ஒன்று இருக்கும். சுண்ணாம்பும் காய்ந்திருக்கும். அவள் அதையும் பெருக்கி வைப்பாள். ஆளில்லாத அறை என்பதற்காகக் குப்பையோடு விடுவது மரியாதையில்லை.

கடைசி அறையில் ஏசுவடியானின் இருமல் இருந்தது. ஆள் இல்லை, இருமல் மட்டும். முன்பு அது அவள் படுக்கும் முன்னறையை ஒட்டியிருந்தது. புது அறைகள் இடையில் நுழைய நுழைய, இருமல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. காலையில் ஒரு டம்ளர் தேயிலையை எடுத்துக்கொண்டு நடப்பாள். போய்ச் சேருவதற்குள் ஆறிவிடும். அந்த அறையின் வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்புவாள்.

ஆனி மாதச் சாரலில் ஒரு தேனீக் கூட்டம் வந்து முன்கதவின் தாழ்ப்பாளில் தொங்கியது. ஒரு கைப்பிடிதான் இருக்கும். ராணி ஒன்று, அதைச் சுற்றி ஊர்வலத்தில் பின்தங்கிவிட்டவர்களைப் போலக் கொஞ்சம் பேர். ஏசுவடியான் கடைசியாகச் செய்துவைத்த தேன்பெட்டி ஒன்று வீட்டில் திறக்காமல் கிடந்தது. லில்லிபாய் கூட்டத்தை அதில் இறக்கி, முன்னறை ஜன்னலோரம் வைத்தாள். எறும்பு ஏறாதபடி பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினாள்.

மறுநாள் பெட்டியின் அடியில் தேனீக்கள் செத்துக் கிடந்தன.

அடுத்த வீட்டுக் கனகமணி வந்து குனிந்து பார்த்தாள். அவளிடம் தேன் வழியும் பெட்டிகள் பல உண்டு.

"எம்மாடி, ஒரு பிடி ஈக்கு இம்புட்டு பெரிய வீடா? வெறைச்சுல்லா சாவுது."

"புதுப் பெட்டியாக்கும் கனகம்."

"புதுசானா குளிராதா? தடுப்புப் பலகையப் போட்டு நெருக்கு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடந்தாத்தான் சூடு நிக்கும். பரந்த வீட்டுல ஒத்தையில கிடந்து பாரு, தெரியும்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது கனகமணிக்கு உறைத்தது. அவள் பார்வை நீண்டுகிடந்த அறைகளின் பக்கம் போயிற்று.

"ஒனக்குக் கம்பளி எதாவது வேணுமா?" என்றாள்.

அவள் போனதும் லில்லிபாய் பலகையைப் பெட்டிக்குள் இறக்கி, அடை கட்டும் மரச்சட்டம் ஒன்றின் அகலத்துக்கு உள்ளே தள்ளி நெருக்கினாள். வீட்டுக்குள் ஏதோ நகர்ந்தது. எட்டிப் பார்த்தாள். ஓர் அறை குறைந்திருந்தது. இருமல் சற்றுத் தெளிவாகக் கேட்டது.

இன்னும் நெருக்கினாள். அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசியில் இருமல் இருந்த அறை பழையபடி முன்னறையை ஒட்டி வந்து நின்றது. அன்று தேயிலை சூடாகவே போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. கர்த்தர் பெரியவர் என்று நினைத்துக்கொண்டாள். பெட்டியில் சாவு நின்றது. அவளுக்கு நடையும் குறைந்தது.

தேனீக்களுக்குச் சீனிப்பாகு வைப்பது மாலை ஜெபத்துக்குப் பிறகுதான். வெளிச்சத்தில் வைத்தால் வாசனை பிடித்துப் பலமுள்ள கூட்டங்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். கனகமணிக்கும் அது தெரியும். ஆனால் இரக்கம் மிகுந்தால் அவளுக்கு நேரம் பார்க்கத் தோன்றாது. லில்லிபாய் கடைக்குப் போயிருந்த ஒரு நண்பகலில், கிண்ணம் நிறையப் பாகைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனாள்.

லில்லிபாய் திரும்பியபோது முன்னறை நிறைய ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் வெள்ளைச் சட்டை. செருப்புகளை வெளியே ஒழுங்காகக் கழற்றி விட்டிருந்தார்கள். கல்யாண வீட்டுப் பந்திக்கு வந்தவர்களைப் போலப் பணிவாகக் காத்திருந்து, ஒவ்வொருவராகப் பெட்டிக்குள் விரலை விட்டு நக்கினார்கள். யாருக்கும் நிழல் இல்லை. அறை முழுக்க மெல்லிய ரீங்காரம். பெட்டிக்குள் அவளுடைய சிறிய தேனீக் கூட்டம் ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தது. பாதி குறைந்திருந்தது.

"நீங்கல்லாம் யாரு?"

"கனகமணி வீட்டு ஆளுவளாக்கும்," என்றார் ஒருவர். "கிண்ணம் எங்க வீட்டுக் கிண்ணம்."

"பாகு இதுகளுக்கு வச்சதுல்லா?"

"இதுக பிழைக்காது அக்கா. வீணாப் போவாண்டாம்னு பாத்தோம்."

வீட்டுக்கு வந்தவர்களை விரட்டி அவளுக்குப் பழக்கமில்லை. களிமண்ணைக் குழைத்துப் பெட்டியின் வாசலில் அப்பி, ஒரு தேனீ மட்டும் நுழையும் துளையாக்கினாள். வீட்டுக் கதவும் ஒடுங்கத் தொடங்கியது. வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். பக்கவாட்டில் திரும்பி, ஒருவர்பின் ஒருவராக வெளியேறினார்கள்.

"பெய்ட்டு வாறோம்," என்றார் கடைசி ஆள்.

வராதீர்கள் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "சரி," என்றாள்.

அந்தி சாயும்போது கதவிடுக்கில் கனகமணியின் கண் தெரிந்தது.

"என்னத்தச் சொல்லட்டு லில்லி. நான் நல்லதுன்னு செய்தேன்."

"நல்லதுதான். நேரந்தான் சரியில்ல."

"எனக்க பெட்டியிலேருந்து ஒரு அடைத் துண்டு கொண்டாந்திருக்கேன். உள்ள குஞ்சு மூடிக் கிடக்கு. விடிஞ்சா விரியும். அது விரிஞ்சா ஒனக்க கூட்டம் பிழைச்சுக்கிடும். இந்த ஒரு ராத்திரி சூடு போவாமப் பாத்துக்கோ."

"போனா?"

"குஞ்சும் போவும். கூட்டமும் போவும்."

கனகமணியின் கை மட்டும் உள்ளே வந்தது. அதில் அடை இளஞ்சூடாக இருந்தது.

லில்லிபாய் அதைப் பெட்டியில் பொருத்தினாள். மிஞ்சிய தேனீக்கள் ஏறி அதை மூடப் பார்த்தன. போதவில்லை. ஓரங்கள் திறந்தே கிடந்தன. வெளியே சாரல் வலுத்தது. இன்னும் ஒரு சட்டம் நெருக்க வேண்டும். வீட்டில் எஞ்சியிருந்தது முன்னறையும் இருமல் இருந்த அறையும்தான்.

அவள் சுவரருகே போய் நின்றாள்.

"கேக்குதா? இன்னும் கொஞ்சம் நெருக்கணும்."

இருமல்.

"மூடி வைக்க ஆளு பத்தல்ல. குஞ்சு வெறைச்சுரும்."

இருமல்.

இருமல் பதிலாகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்காமல் ஒருவருடைய அறையை எடுப்பது முறையில்லை.

ஜெப நேரமாயிற்று. முழங்காலிட்டாள். சுவருக்கு அப்பால் சத்தம் அடங்கியது. உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தான். ஜெபம் முடியும் வரை தோள்துண்டால் வாயைப் பொத்தி இருமலை அடக்கிக்கொள்வார். ஆமென் சொன்னதும் சேர்த்து வைத்து இருமுவார்.

அவள் ஆமென் சொன்னாள்.

காத்திருந்தாள். ஆமென்னுக்குப் பிறகும் அவர் அடக்கியே இருந்தார்.

லில்லிபாய் எழுந்துபோய்ப் பலகையை நெருக்கினாள்.

சுவர் மெதுவாக வந்து கட்டிலில் முட்டி நின்றது. கட்டில், அடுப்பு, பெட்டி எல்லாம் கையை நீட்டினால் எட்டின. அவள் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு படுத்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவளுக்குக் குளிரவில்லை.

விடிந்தபோது அடையின் மூடிகள் திறந்திருந்தன. வெளுத்த இளம் தேனீக்கள் ஈரம் காயாமல் நடந்து பழகிக்கொண்டிருந்தன. லில்லிபாய் தேயிலை போட்டாள். வழக்கம்போல இன்னொரு டம்ளரிலும் ஊற்றினாள். வைப்பதற்கு வாசற்படி இல்லை. சற்று யோசித்துப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"ஆறுததுக்கு முன்ன குடியுங்க," என்றாள் பொதுவாக.

பெட்டிக்குள் ஏதோ ஒன்று இருமியது. மற்றவை நகர்ந்து அதற்கு இடம் கொடுத்து, மறுபடி நெருங்கிக்கொண்டன.