செங்கோடன் உட்கார்ந்த இடம்

செத்துப்போன கணவரின் தாடையை வேட்டிக் கிழிசலால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள் பாப்பாயி. முடிச்சு இரண்டு முறை நழுவியது.

"இன்னொரு துணி போட்டுக் கட்டு அம்மிணி. அந்த வாய்க்கு ஒண்ணு பத்தாது" என்றார் காளியண்ணன். இறந்தவரின் அண்ணன். தம்பி போன துக்கத்தில் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவர் குடிக்கவில்லை. ஆனாலும் உண்மையை அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மலைமேல் குண்டூர் நாட்டில் சின்னக்கண்ணுவைப் போலப் பொய் சொல்ல இன்னொருவர் பிறக்கவில்லை. இதற்கு முன்பே அவர் இரண்டு தடவை செத்திருந்தார். முதல் தடவை கரடி தூக்கிப்போனது. சில நாள் கழித்து நடந்தே வந்தவர், தன் பேச்சைத் தாங்காமல் கரடியே குகையைக் காலி செய்துவிட்டுப் போனதாகச் சொன்னார். ரங்கூனில் குண்டு விழுந்த வருஷம் மிளகு மூட்டையோடு பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனவர் திரும்பவில்லை. ஊர் அழுது தீர்த்துக் கருமாதி வைத்தது. அன்றைக்குப் பார்த்து வந்து சேர்ந்தவர், பந்தியில் உட்கார்ந்து தன் கருமாதிச் சோற்றைத் தானே தின்றுவிட்டு, குழம்பில் உப்பு கம்மி என்றார்.

இந்தத் தடவை மூச்சு நிஜமாகவே நின்றிருந்தது. காளியண்ணன் மூக்கருகே கோழி இறகை வைத்துப் பார்த்துவிட்டார். சந்தேகம் தீராமல் மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

வாசலில் மூங்கில் பாடை தயாரானது. ஊர்க்கவுண்டர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்து தொண்டையைச் செருமினார்.

"நெருப்புச்சட்டியைக் காளியண்ணன் மகன் தூக்கட்டும் அம்மிணி. செங்கோடன் தோதுப்படாது."

பாப்பாயி நிமிர்ந்தாள். "எதுக்குங்க தோதுப்படாது?"

"உனக்குத் தெரியாததா?"

தெரியும். செங்கோடன் சின்னக்கண்ணுவின் மூத்த சம்சாரம் விட்டுப்போன ஒரே பிள்ளை. மீசை கறுத்த வயசு. போன தை மாசம் அவன் பங்குக்கென்று ஒரு சாமைக்காட்டை ஒதுக்கி, முள்ளுக்குறிச்சியில் பெண்ணும் பார்த்தார்கள். அதன்பிறகுதான் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். எழவேண்டும் என்று நினைப்பதாகவும் உடம்பு கேட்கவில்லை என்றும் அவளிடம் ஒருமுறை சொன்னான். அப்புறம் அந்தப் பேச்சும் நின்றது. அருவிக்கரைப் பேய் என்றார்கள். பூசாரி வேப்பங்குச்சியால் அடித்ததில் குச்சிகள்தான் ஒடிந்தன. அடிவாரத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் இப்படிப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டிப்போடுவார்கள். அங்கே கொண்டுபோய் விடச் சொல்லி ஊர் நெருக்கியது.

சின்னக்கண்ணு விடவில்லை. பையனைச் சேலத்து வெள்ளைக்கார டாக்டரிடம் காட்டியதாகவும், இது சீமையில் மட்டும் விளைகிற மூளை, குளிர் காலத்தில் கொஞ்சம் உறங்கும், யாரும் தொடவேண்டாம் என்று டாக்டர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டதாகவும் ஊர்க்கூட்டத்தில் சொன்னார். பேளுக்குறிச்சிக்கு அப்பால் அவர் கால் வைத்ததில்லை. ஆனாலும் அந்தப் பொய்யை வேலியாகப் போட்டு மகனை இத்தனை மாசம் காத்துவிட்டார். வேலி இப்போது தாடை கட்டிக் கிடந்தது.

"காரியம் முடிஞ்சதும் அவனைக் கீழ கூட்டிப்போயிர்றோம். அப்பனுக்குச் சட்டி தூக்க முடியாதவன் இங்கிருந்து என்ன பண்ணப்போறான்? உனக்கும் பாரம் விட்டுது" என்றார் ஊர்க்கவுண்டர்.

"நீ என்ன பெத்தவளா" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

"இல்லீங்க. ஆக்கிப் போட்டவ." பாப்பாயி எழுந்துபோய்க் கதவு நிலையில் குறுக்கே உட்கார்ந்தாள். "செங்கோடன்தான் தூக்குவான். இல்லீன்னா பொணம் ஊட்ட உட்டுப் போகாது."

ஊர்க்கவுண்டர் முறையைச் சொன்னார். நெருப்பு முன்னால் போகாமல் பிணம் நகரக்கூடாது. சட்டி ஒருவன் கைக்கு வந்தபின் கை மாறக்கூடாது. தோளேறிய பாடையைக் குழிக்குப் போய்ச் சேருமுன் இறக்கக்கூடாது. "பாதி வழியில அவன் உக்காந்துட்டா என்ன பண்றது?"

"உக்காந்தா நிக்கறது. சந்தையா கலைஞ்சிரும்?"

"வெளையாடாத அம்மிணி."

பாப்பாயி அதுவரை பொய் சொன்னதில்லை. வீட்டுக்கு ஒருவர் போதும் என்று இருந்தவள். இப்போது ஊர்க்கவுண்டர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எனக்கென்னங்க. நேத்துச் சாயங்காலம் கஞ்சி குடிக்கறப்ப அவரு சொன்னதைச் சொல்றேன். எம்மகன் சட்டி தூக்கலீன்னா நான் திரும்பி வந்துருவேன்னாரு."

வேறு யார் அப்படிச் சொல்லிவிட்டுச் செத்திருந்தாலும் சிரித்திருப்பார்கள். இரண்டு தடவை திரும்பி வந்த ஆள். காளியண்ணன் கோழி இறகைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போனார்.

ஊர்க்கவுண்டர் வெகுநேரம் தாடியைத் தடவினார். "சரி. வரச் சொல்லு."

செங்கோடன் உள்ளறையில் சுவரைப் பார்த்துக் கிடந்தான். விழித்துத்தான் இருந்தான். பாப்பாயி அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"கேட்டியா கண்ணு?"

"கேட்டேன். என்னால ஆவுமா சின்னம்மா?"

"தெரியல. எனக்கும் ஊட்டுக்காரரு சாவறது இதான் மொதத் தடவ. நெசமாலும் சாவறது."

அவன் தோள் லேசாக அசைந்தது. சிரிப்பா வேறெதுவுமா என்று அவள் பார்க்கப் போகவில்லை.

"நீ கூட வருவியா?"

"பொம்பளைங்க எல்லை தாண்டக்கூடாதும்பாங்க. வாரேன்."

அவன் எழ நேரமாயிற்று. குளிப்பாட்டி, ஈரவேட்டி கட்டி, சட்டியைக் கையில் கொடுக்க இன்னும் நேரமாயிற்று. மேளம் முழங்கியது. செங்கோடன் முன்னே நடந்தான். ஊரெல்லையில் பெண்கள் நின்றார்கள். பாப்பாயி நிற்கவில்லை. பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

பலாமரங்கள் தாண்டி ஏற்றம் தொடங்குகிற இடத்தில் செங்கோடன் உட்கார்ந்துவிட்டான். ஈரத்துணி சுற்றிய சட்டி மடியில் இருந்தது. பாடை நின்றது. அதற்குப் பின்னால் ஊரும் நின்றது.

"எந்திரிடா" என்று காளியண்ணன் முன்னால் வந்தார்.

"வருவான் மாமா. நில்லுங்க" என்றாள் பாப்பாயி.

முறை முறைதான். பிணத்தை இறக்க முடியாது, சட்டியை வாங்க முடியாது. சுமந்தவர்கள் தோள் மாற்றினார்கள். சின்னக்கண்ணு உயிரோடிருந்தபோதும் இந்த ஊரை இவ்வளவு நேரம் ஓரிடத்தில் நிறுத்தியதில்லை. தூறல் பிடித்தது. நெருப்பு அணைந்தால் வீட்டிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும் என்பது ஊர்க்கவுண்டருக்குத்தான் முதலில் உறைத்தது. முனகிக்கொண்டே வந்து, தன் கம்பளியை அவிழ்த்துச் சட்டிக்கு மேலே விரித்துப் பிடித்தார். அவர் மொட்டைத்தலையில் மழை ஒழுகியது.

"எத்தன நேரம்டா சாமி?" என்றார் தணிந்த குரலில்.

மேளக்காரர்கள் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் விரலால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாப்பாயி ஈரத்தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குனிந்து தணலை ஊதினாள். அவன் கணுக்காலில் ஓர் அட்டை ஏறியிருந்தது. அதைப் பிடுங்கிப் புல்லில் எறிந்தாள். பெருவிரல் பக்கமாக இன்னொன்று நெளிந்து ஏறியது. அவள் கை நீட்டுவதற்குள் செங்கோடன், சட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மெல்லக் குனிந்து, அதைத் தானே பிடுங்கிப் போட்டான்.