தீபலட்சுமியின் பத்திரிகையும் கறுப்புத் திரையும்

பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஏஞ்சலின் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் கடை போட்டு மூன்று வருஷமாகிறது. அன்று காலை புதுப் பிரிண்டர் வந்திருந்தது. அதற்கான மென்பொருளைத் தன் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, எதையெல்லாமோ நீக்கப்போவதாக நீளமாக ஓர் எச்சரிக்கை வந்தது. படிக்காமலே சம்மதம் தட்டிவிட்டாள். அணைத்துத் திரும்பப் போட்டால் படமில்லை, பட்டனில்லை. கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்டு ஒற்றை வரி நின்றது.

அந்நேரம் பார்த்து பாலவனத்தத்திலிருந்து தீபலட்சுமி வந்து இறங்கினாள். கல்யாணப் பெண்ணே அவள்தான். பத்திரிகையை ஒருமுறை பார்த்துவிட்டு அச்சுக்குச் சம்மதம் சொல்ல வந்திருந்தாள். ஏஞ்சலின் மறைக்காமல் நடந்ததைச் சொன்னாள்.

"பத்திரிகை அழிஞ்சிருச்சாக்கா?" என்று மட்டும் கேட்டாள் தீபலட்சுமி.

அது ஏஞ்சலினுக்கே தெரியாது. பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டி உள்ளே போய், கோப்புகளின் பட்டியலைக் கேட்டாள். ஊர்ப்பட்ட மணமக்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. நடுவில் தீபலட்சுமி.

"ஒன் பத்திரிகை இருக்கு தீபா. அதத் தொறந்து காட்டுற சாமானுதான் போயிருச்சு."

அதன்பிறகுதான் ஏஞ்சலினுக்கு மூளை ஓடியது. எவை போயின என்று கம்ப்யூட்டரே குறித்து வைத்திருக்குமே! அந்தப் பதிவைத் தேடித் திறந்தாள். நூற்றுச்சொச்சம் பெயர்கள். வம்பு செய்த பிரிண்டர் மென்பொருளை முதலில் தூக்கினாள். போனைக் கேபிளில் மாட்டி இணையம் கொடுத்து, போனவற்றைத் திரும்ப ஏற்றச் சொன்னாள். இம்முறையும் ஒரு பட்டியல் வந்தது. தீபலட்சுமி வரிவரியாக வாசித்தாள். எதுவும் நீக்கப்படாது என்று உறுதியான பிறகே ஏஞ்சலின் விரல் சம்மதம் தட்டியது.

முக்கால் மணி நேரம் ஓடியது. தீபலட்சுமி பக்கத்துக் கடையில் காரச்சேவும் டீயும் வாங்கி வந்தாள். மாப்பிள்ளை விஜயபாண்டி தினம் மூன்று வேளையும் போன் செய்து, சாப்பிட்டாயா என்பதைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை என்று சொல்லிச் சிரித்தாள்.

மறுபடி அணைத்துப் போட்டதும் பழையபடி படமும் பட்டன்களும் பளிச்சென்று வந்தன. இருவரும் கைதட்டினார்கள். பத்திரிகை திறந்தது. வாசிக்கும் வேகம் தீபலட்சுமிக்கு இன்னும் தணிந்திருக்கவில்லை.

"அக்கா, முகூர்த்தம் காலையில. நீங்க மாலை ஒம்பது மணின்னு போட்ருக்கீங்க."

ஏஞ்சலின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. திருத்தி, பழைய பிரிண்டரிலேயே மாதிரிப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். தீபலட்சுமி அதைப் பைக்குள் வைக்க மனமில்லாமல், கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.