பின்னோக்கித் திரும்பிய கொடி

பிற்பகல் வெயில் தன் கடுமை தணிந்து, கடலிலிருந்து கரைநோக்கி எழுந்த காற்று நகருக்குள் நுழைந்து, துறைமுகத்துக் கிடங்குகளின் தகரக் கூரைகளைத் தடதடக்கச் செய்து, கடைத்தெருவின் குறுக்கே கட்டியிருந்த விளம்பரத் துணிகளைப் புடைக்க வைத்து, மாடிகளில் காய்ந்த சட்டைகளுக்கெல்லாம் கையசைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. தெருவின் கோடியில், கடலைப் பார்த்தவாறு நின்ற பழைய நூலகத்தின் மேல்மாடி மண்டபத்தில் அன்று பெருங்கூட்டம். அங்கே வரிசையாய் இட்ட மேசைகளின்மேல், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கடலை ஆண்ட பாய்மரப் போர்க்கப்பல்கள், கையளவும் முழ அளவுமாய்ச் சுருங்கி, பீரங்கி வாய்களைத் தம் பக்கவாட்டுச் சாளரங்களுக்கு வெளியே நீட்டியபடி நின்றிருந்தன. கற்றறிந்தவரே, அக்கடற்படை முழுவதையும் ஓர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். ஆனால் அதைக் கட்டியவர்களின் பெருமிதத்தை ஏற்ற ஒரு வண்டியும் போதாது.

அப்பெருமிதத்தில் பெரும்பங்குக்கு உரியவர், மாதிரிக் கப்பல் கட்டுவோர் கழகத்தார் ‘தளபதி’ என்று பட்டப்பெயர் இட்டு அழைத்த ஓய்வுபெற்ற பல் மருத்துவர். பல் பிடுங்கிய குறடுகளாலேயே பாய்மரங்களுக்கு வளையம் மாட்டி, பல்லின் குழியைத் துருவிய ஊசிகளாலேயே கப்பலின் பின்மாடத்துச் சிற்பங்களைச் செதுக்கி, மும்மரக் கப்பல் ஒன்றைக் கட்டி முடித்து, மண்டபத்தின் நடுவே கண்ணாடிப் பேழைக்குள் அவர் நிறுத்தியிருந்தார். பழைய கடற்போர்கள் அவருக்கு மனப்பாடம். எந்தக் காற்றில் எந்தப் படை எப்படி வளைந்தது, புகைமூட்டத்துக்குள் மாலுமிகள் எப்படிக் குண்டு பொதித்தார்கள், தோற்ற தலைவன் எவ்வாறு தன் கொடியை இறக்கிச் சரணடைந்தான், சரணடைய மாட்டேன் என்று வீம்பு கொண்டவன் எவ்வாறு அக்கொடியைப் பாய்மரத்தில் ஆணியடித்து வைத்தான் என்பதையெல்லாம் மாதந்தோறும் அவர் சொல்ல, மற்றவர் வாய்பிளந்து கேட்பர். வாய் திறந்திருப்போரிடமே வாழ்நாளெல்லாம் பேசிப் பழகியவராதலின், எதிர்ப்பேச்சுக் கேட்கும் பழக்கம் அவரிடம் வளரவே இல்லை.

அன்று நடந்த கப்பல் போட்டியின் நடுவர்களுள் தலைவராய் அவர் மேசைமேசையாய் நடந்துவந்து ஒரு கப்பலின் முன் நின்றார். அதைக் கட்டியவர் வேறு யாருமல்லர், அவர்தம் மகளைத் தம் வீட்டு மருமகளாய்க் கொண்டுசென்ற சம்பந்தியே. நில அளவையாளராய் இருந்து ஓய்வுபெற்ற அம்மனிதர் அதிகம் பேசாதவர். திருமணத்துக்குப்பின் இரு குடும்பமும் கூடியுண்ணும் போதெல்லாம், இவ்விருவரும் வெயிலைப் பற்றிச் சொல்லி முடித்தபின் பேச ஒன்றுமின்றிச் சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பர். ‘இவருக்குக் கப்பல் பிடிக்கும், நாமும் ஒன்று கட்டினால் பேச ஒரு பொருளாவது கிடைக்கும்’ என்று எண்ணி, யாருக்கும் சொல்லாமல் தம் வீட்டுச் சாளரத்தருகே அமர்ந்து இரண்டு ஆண்டுகளாய் அவர் கட்டிய கப்பல் அது.

தளபதி குனிந்து நோக்கினார். பலகைக்கும் பலகைக்கும் இடையே மயிரிழையும் நுழையாதபடி இழைத்துப் பொருத்திய கப்பலுடலும், பின்காற்று வாங்கி முன்னோக்கிப் புடைத்த வெண்பாய்களும், அவற்றைத் தாங்கிய கயிற்றேணிகளின் ஒவ்வொரு முடிச்சும் அவர் கண்ணில் பட்டன. அவருடைய கப்பலிலோ பாய்கள் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன. துறையில் நங்கூரமிட்ட கப்பலையே அவர் எப்போதும் கட்டுவார். விரித்த பாயைத் தைப்பது கடினம் என்பதே அதற்கு உண்மைக் காரணம். தம்முள் எழுந்தது பொறாமை என்று அவர் அறிந்தார். அறிந்தும் கண்ணை ஒரு குறை தேடும்படி ஏவினார். கண்ணும் ஏவிய வேலையைச் செய்தது. பின்தளத்துக் கொடிக்கம்பத்தில் இருந்த சிறிய பட்டுக் கொடி, பின்னால் அலையாமல், கப்பலின் முகப்பை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது.

தளபதி நிமிர்ந்து, மண்டபம் முழுதும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

“சம்பந்தி, கப்பல் முன்னாடி போகுது சரி. கொடி அதுக்கும் முன்னாடி ஓடுதே. கொடிக்கு என்ன அவ்வளவு அவசரம்?”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. தளபதி சொன்னால் தவறிராது என்ற நம்பிக்கையில் எழுந்த சிரிப்பு அது. ஒருவரும் காற்றை எண்ணிப் பார்க்கவில்லை. சம்பந்தி எதையோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய பார்வை, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மருமகளின்மேல் சென்று மீண்டது. பிறகு அவரும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்து, “ஆமா, கவனிக்கல” என்றார். அருகில் நின்ற மற்ற நடுவர்கள் தலையசைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தனர்.

தேநீர்க் குவளையோடு தளபதி வெளிமாடத்துக்கு வந்தார். கீழே, துறைமுக வாயிலின் வழியே பாய்மரப் படகொன்று கடற்காற்றை முதுகில் வாங்கியபடி கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்புறத்தில் கட்டியிருந்த கொடி, படகு செல்லும் திசையிலேயே, நகரைச் சுட்டியபடி நேராய்ப் பறந்தது. பின்னே வேறெப்படிப் பறக்கும்? ஓடும் காரின் கொடிதான் பின்னோக்கிப் பறக்கும். பாய்மரக் கப்பலையோ காற்றே தள்ளுகிறது. தள்ளும் காற்று தள்ளப்படும் கப்பலை முந்திக்கொண்டு போகிறது. கொடியும் அக்காற்றோடு முன்னோக்கித்தான் போகும். நங்கூரமிட்ட கப்பல்களையே கட்டியவர் நினைவில் இந்த எளிய செய்தி மங்கிப்போயிருந்தது.

பரிசு அறிவிக்க அப்போது இன்னும் அரைமணி இருந்தது. உள்ளே சென்று, ‘நான் சொன்னது பிழை’ என்ற மூன்று சொற்களைச் சொல்ல அவகாசம் தாராளமாய் இருந்தது. அம்மூன்று சொற்களையும் அவர் வாயில் வைத்து உருட்டிப் பார்த்தார். ‘இப்போதுதானே சிரித்தார்கள், உடனே சொன்னால் என்னைப் பார்த்தல்லவா சிரிப்பார்கள், யாருக்குத் தெரியப்போகிறது, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்’ என்று மனம் ஆயிரம் சாக்குச் சொன்னது. குவளை ஆறியது. உள்ளே பரிசு வேறொருவருக்குப் போனது. தளபதி எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினார்.

சில வாரங்கள் கழித்து, மகளைப் பார்க்கச் சம்பந்தி வீட்டுக்கு அவர் சென்றார். கூடத்து அலமாரியின் மேல் அக்கப்பல் நின்றது. நாற்காலியில் அமரும்போதே அவர் அதைப் பார்த்துவிட்டார். வெண்பாய்கள் முன்போலவே முன்னோக்கிப் புடைத்திருந்தன. கொடிமட்டும் பின்னோக்கித் திரும்பியிருந்தது. சம்பந்தி தம் கையாலேயே சரியானதைத் தவறாக்கி வைத்திருந்தார்.

அவ்வேளை சம்பந்தியம்மாள் துணியொன்றை எடுத்துக்கொண்டு அலமாரியைத் துடைக்க வந்தார். ஆண்டுக்கணக்காய் மங்கிவந்த அவருடைய கண்களுக்கு இப்போது வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சியிருந்தன. வீட்டில் ஒவ்வொன்றையும் விரலாலேயே பார்ப்பார். கப்பலின் பின்புறத்தை விரல்நுனியால் தடவியவர் அப்படியே நின்றார்.

“ஏங்க, நான் தச்ச கொடி இந்தப் பக்கம் திரும்பியிருக்கே. பாயைப் பாத்தாப்பல இல்ல ஒட்டியிருந்தீங்க?”

சம்பந்தி தளபதியின் பக்கம் திரும்பவே இல்லை.

“துடைக்கிறப்போ என் கை பட்டுப் பிஞ்சுடுச்சு. திரும்ப ஒட்டும்போது மாத்தி ஒட்டிட்டேன் போலிருக்கு.”

“அப்படின்னா திருப்பி வச்சிடுங்க.”

“வேண்டாம். பட்டு நைஞ்சு போச்சு. இன்னொரு தடவை பசையில நனைச்சா தாங்காது.”

அம்மையார் கொடியின் ஓரத்தை மறுபடி தொட்டுப் பார்த்து, “இனிமே என்னால இந்தத் தையல் போடவும் முடியாது. சரி, இப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, சலிப்பேதுமின்றி அடுத்த பொருளைத் துடைக்கலானார். கண்ணொளி முற்றும் அணையுமுன் அவர் இறுதியாய்த் தைத்தது அக்கொடி என்பதைத் தளபதி அப்போதுதான் அறிந்தார். அவருக்கு அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பதே கூசியது.

விடைபெற்றுப் படியிறங்கியவரை வழியனுப்ப மகள் உடன் வந்தாள். கீழ்ப்படியில் நின்று, தந்தையின் முகத்தைப் பாராமல், கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டே அவள் பேசினாள்.

“அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் நான் மாமாகிட்ட கேட்டேன்பா. மேசை விசிறியைப் போட்டு, ஒரு கைக்குட்டையைப் புடிச்சுக் காட்டினார். அப்ப ஏன் மாமா நீங்க அங்கயே சொல்லலன்னு கேட்டேன். உங்கப்பாவை நாலு பேர் முன்னாடி விட்டுக்குடுக்கலாமாம்மான்னார். மறுநாளே கொடியைத் திருப்பிட்டார். உங்கப்பா வரும்போது பாத்தா சங்கடப்படுவார்னு.”

அவள் இப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“உங்களுக்கு இப்பதானே தெரியும்? சொல்லுங்கப்பா.”

பொய் சொல்ல அவருக்கு எளிதாய்த்தான் இருந்தது. அன்று ஏற்கெனவே ஒருவர் அவருக்காகப் பொய் சொல்லிவிட்டதால், இன்னொன்று வாயில் வரவில்லை.

“அன்னிக்கே தெரியும்மா. பரிசு சொல்றதுக்கு முன்னாடியே தெரியும்.”

மகள் மறுபடி கம்பியின் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

“தெரியாம சொல்லிட்டீங்கன்னு நினைச்சிட்டு இருந்தேன். அப்படியே நினைச்சிட்டு இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

நல்லறிவுடையீர், பிறர் ஏசினால் எதிர்த்து ஏசலாம், அடித்தால் தடுக்கலாம், பெற்ற மகள் குரல் உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போன சொல்லை என் செய்வது? தளபதி அன்று வீடு வரை நடந்தே சென்றார். வழியில் வணக்கம் சொன்ன பழைய நோயாளிகள் இருவரை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வீட்டில் கப்பல் கட்டும் அறைக்குள் நுழையவே கால் கூசியது. தம்முடைய கப்பலை எண்ணும்போதெல்லாம் அதன் கொடியே கண்முன் நின்றது.

அடுத்த மாதக் கூட்டத்தில், சரணடைந்த படைத்தலைவர்களைப் பற்றி அவர் பேசுவதாய் ஏற்பாடாகியிருந்தது. மண்டபம் நிறைந்திருந்தது, அவர் தனியே சென்று வேண்டிக்கொண்டதால் சம்பந்தியும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருந்தார். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு சம்பந்தியம்மாளும் வந்திருந்தார். தளபதி எழுந்தார்.

“தோத்துட்டோம்னு தெரிஞ்சப்புறமும் கொடியை ஆணியடிச்சு வச்சவன் பெரிய வீரன்னு உங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கேன். அவன் கப்பல்ல இருந்த மத்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு நான் சொன்னதே இல்ல” என்று தொடங்கியவர், மேற்கொண்டு பேசாமல், நடுவே இருந்த கண்ணாடிப் பேழையைத் திறந்தார். அவருடைய கப்பலில் கொடிக்கயிறு மெய்யாகவே கப்பியில் ஓடும்படி அமைந்தது. அது அவர் பலமுறை பெருமையடித்துக்கொண்ட நுட்பம். எனினும் அதை அவர் ஒருநாளும் இழுத்துப் பார்த்ததில்லை. முடிச்சை அவிழ்த்து இழுத்தார். கொடி ஓரிடத்தில் சிக்கியது. கூட்டம் மூச்சடக்கிப் பார்த்திருக்க, அவர் மறுபடி இழுத்தார்.

“சம்பந்தியோட கொடி சரியாத்தான் இருந்துச்சு. பின்காத்துல போற கப்பல்ல கொடி முன்னாடிதான் பறக்கும். நான்தான் தப்பாச் சொன்னேன். அது தப்புன்னு பரிசு சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லல. அன்னிக்குப் பட்டிருக்க வேண்டிய வெக்கம் ஒரு நிமிஷம். இது தீராது போலிருக்கு.”

முன்வரிசையிலிருந்து, மெல்லிய குரலில் சம்பந்தி பேசினார்.

“சம்பந்தி, கொடிக்கு என்ன அவசரம்? மெதுவா இறக்குங்க. நூல் அறுந்துடப் போகுது.”

அன்று அந்தச் சொற்களுக்கு மண்டபமே சிரித்தது. இன்று ஒருவரும் சிரிக்கவில்லை. தளபதி ஒருவரே சிரிக்க முயன்றார். சிரிப்பு பாதியில் உடைந்து, கண் நிறைந்தது. கொடி கீழே வந்து தளத்தில் படிந்தது.

இறக்கிய கொடியைத் தளபதி மறுபடி ஏற்றவில்லை. கழகத்தார் வேண்டியும், சம்பந்தியே வந்து கேட்டும் அவர் இசையவில்லை. சம்பந்தியின் கப்பலைத் தம்முடையதன் அருகே வைக்க இடம்மட்டும் கேட்டுப் பெற்றார். அதைக் கொணர்ந்து வைத்த நாளில், சம்பந்தியம்மாளை மேசையருகே அழைத்துவந்து, அவர் விரலைக் கொடியின்மேல் வைத்தார்.

“கூட்டத்துல உங்களைப் பாத்துச் சொல்ல வாய் வரலம்மா. இது அவர் கை பட்டுத் திரும்பல. என்னாலதான் திரும்புச்சு. இனிமே சரி பண்ணவும் முடியாது.”

அம்மையார் கொடியின் ஓரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாய்த் தடவி வந்தார். தளபதிக்கு அந்தச் சிறு தொலைவு ஒரு கடலைக் கடப்பதாய் இருந்தது.

“தையல் எங்கயும் பிரியலையே?”

“பிரியலம்மா.”

“அப்ப போதும் சம்பந்தி” என்றார் அவர்.

அவ்விரு கப்பல்களும் இன்றும் அம்மண்டபத்தில் அருகருகே நிற்கின்றன. ஒன்றில் கொடி பின்னோக்கித் திரும்பியிருக்கிறது, மற்றொன்றில் கொடியே பறக்கவில்லை. பாய்மரக் கப்பல் அறிந்தவர் எவரேனும் வந்து, “இந்தக் கொடி தப்பாச்சே” என்று நகைக்கும்போது, மூலையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் எழுந்து வந்து, அது யாருடைய தவறு என்பதை முதலிலிருந்து சொல்கிறார். எத்தனை முறை சொன்னாலும், முடிவை நெருங்கும்போது அவர் தலை தாழ்கிறது. மகள் அருகில் இருக்கும் நாள்களில், அவள் அவருக்கு ஒரு குவளைத் தேநீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவர் அதை ஆறவிடாமல் குடிக்கிறார்.