சாம்பலில் சேராத குருவி

பிப்ரவரி 17, செவ்வாய். மாலை 6 மணி. இன்று ஒரு சின்னத் தவறு. ஓர் ஓலையை விட்டுவிட்டேன்.

குறிப்பேட்டில் அந்த வரியின் ஓரத்தில் ஒரு கைரேகை. சாம்பல் நிறம். பிரகாசியின் பெருவிரல்.

துடைத்தாள். பரவியது. சாம்பல் அப்படித்தான், துடைக்கத் துடைக்க இடம் பிடிக்கும்.

'சின்ன' என்ற சொல்லை அடித்தாள். அடித்தது சரிதானா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள்.

*

பகலில் அவளுக்கு மருந்துக் கடை. மாலையில் பங்குக் கோயிலில் மறைக்கல்வி வகுப்பு. ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் முதலில் தாங்கள் கற்றுக்கொள்ளும் வகுப்பு. குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்திருந்தாள். தேதி. கற்றது. தவறியது.

மூன்றாவதற்குத்தான் எப்போதும் இடம் போதாது.

*

நாளை புதன். தவக்காலத்தின் முதல் நாள், நெற்றியில் சாம்பல் பூசும் நாள். வயதானவர்களுக்கு அது விபூதிப் புதன். பூசைப் புத்தகத்தில் திருநீற்றுப் புதன். கோயில் வாசல் அறிவிப்பில் சாம்பல் புதன். மூன்று பெயர், ஒரே நெற்றி.

விவிலியத்தில் நினிவே நகரத்து அரசன் பாவத்துக்கு வருந்தி, அரியணையை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். அதை எழுதும்போது அவள் பேனா நின்றது. அரசனே இறங்கினானா. இறங்கினான்.

ஆதித் திருச்சபையில், ஊரறியப் பாவம் செய்தவர்கள் மட்டும் தலையில் சாம்பலோடு கோயிலுக்கு வெளியே நின்றார்கள். தவக்காலம் முடியும் பெரிய வியாழன் வரை வெளியே. வெயிலில், மழையில்.

பிறகு மற்றவர்களும் தலை குனிந்து தங்களுக்கும் சாம்பல் கேட்டார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அது எல்லோருக்கும் ஆனது. வெளியே நிற்கிறவனைத் தனியே விடக் கூடாது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்குமா? அவளுக்குத் தெரியவில்லை. அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று பென்சிலால் எழுதியிருந்தாள்.

அந்தச் சாம்பலும் எங்கிருந்தோ வருவதில்லை. போன வருடம் குருத்து ஞாயிறன்று ஓசன்னா பாடிக் கையில் ஏந்திய அதே குருத்தோலை. பால் நிறத்தில் வீட்டுக்கு வந்தது. சிலுவையாக மடிபட்டு, திருஇருதயப் படத்துக்குப் பின்னால் ஒரு வருடம் காய்ந்தது. வைக்கோல் நிறமானது. நெருப்புக்குப் போனது. நெற்றிக்குத் திரும்புகிறது.

எவ்வளவு அழகான கணக்கு என்று எழுதினாள். கணக்கை அடித்து, சுற்று என்று மாற்றினாள்.

*

ஓலை சேகரிக்கும் பொறுப்பு இந்த வருடம் அவளுடையது. நாற்பத்தாறு வீடுகள். பெயர், தெரு, எத்தனை ஓலை, எல்லாம் வரிசையாக.

முப்பத்தொன்றாவது, ஞானாதிக்கம். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி செபஸ்தியம்மாள் கார்த்திகையில் இறந்துபோனார். ஓலை: ஒன்று.

ஞாயிறு பூசை முடிந்து செய்தித்தாளில் பொதிந்து கொடுத்தார். "இதுல அவ கை இருக்கு, தாயி. மறக்காம சேத்துரு."

அதையும் எழுதி வைத்திருந்தாள்.

இன்று அரைநாள் லீவு போட்டு, கோயிலின் பின்புறம் இரும்புச் சட்டியில் எரித்தாள். அந்தச் செய்தித்தாள் பொதியைப் பிரித்தபோது உள்ளே சிலுவை இல்லை. ஒரு குருவி. ஓலையில் மடித்த குருவி. வால் கொஞ்சம் கோணல்.

அவள் குறிப்பில் இருந்தது: குருத்தோலைச் சிலுவைகளை எரிக்க வேண்டும். சிலுவைகளை.

பிள்ளைகள் செய்த விளையாட்டுப் பொருள் தவறி வந்திருக்கும் என்று பைக்குள் வைத்தாள். மற்றவை எரிந்தன. ஆறியதும் இடித்து, வெள்ளைத் துணியில் சலித்து, வெள்ளிக் கிண்ணத்தில் நிரப்பினாள். மாவு போல் மென்மை. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஐந்து மணி வகுப்பில் அதைச் சொன்னாள். குருவியையும் சொன்னாள். வகுப்பு எடுக்கும் சிஸ்டர் ஃபபியோலா சிரித்தார்.

"மந்திரிச்சது ஓலையத்தானே, பிரகாசி. மடிச்ச உருவத்தையா?"

வகுப்பும் சிரித்தது. அவள் மட்டும் முப்பத்தொன்றாம் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓலை: ஒன்று.

நாளைக் காலை அவர் வருவார். தலை குனிவார். நெற்றியில் படுவதில் மனைவியின் கை இருப்பதாக நம்புவார். அது இருக்காது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சாம்பலுக்கு முகம் இல்லை.

குறிப்பேட்டை மூடிவிட்டு எழுந்தாள்.

*

மாசிப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. சிறுமலையின் விளிம்பில் கடைசி வெளிச்சம்.

ஞானாதிக்கம் தன் வீட்டு அடுப்பில் கோதுமை ரவை வறுத்துக்கொண்டிருந்தார். அவள் பையிலிருந்து குருவியை எடுத்தாள். வழியெல்லாம் கோத்து வைத்த வாக்கியம் மறந்துபோனது.

"மாமா, இதை விட்டுட்டேன். சிலுவை இல்லைன்னு..."

அவர் அடுப்பைக் குறைத்தார். குருவியைப் பார்த்தார்.

"டிக்கெட் எடுத்த ஆளை ஏத்தாம வண்டியை எடுத்துட்டியே, தாயி."

கேலிதான். ஆனால் குரல் பாதியில் இறங்கிக்கொண்டது.

பிறகு சொன்னார். போன வருடக் குருத்து ஞாயிறு. இயேசுவின் பாடுகளின் வாசகம் நீண்டுகொண்டே போனது. எல்லோரும் நின்றார்கள். செபஸ்தியம்மாளுக்கு முழங்கால் வலி. உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கை சும்மா இருக்கவில்லை.

"கோயில்லயா விளையாடுவேன்னு எல்லார் முன்னாடியும் வஞ்சுட்டேன். அவ எஞ்சட்டைப் பையில இதைச் சொருகிட்டு, இங்க கூடு கட்டிக்கட்டும்னா. நான் பொழுது சாயிற வரைக்கும் மொகம் குடுக்கல."

ரவை கருகும் வாசம் வந்தது. அடுப்பை அணைத்தார்.

"மன்னிச்சிருன்னு சொல்லணும்னு இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னே போயிருச்சு."

பிரகாசிக்குப் புரிந்தது. அவருக்கு வேண்டியது ஞாபகப் பொருள் இல்லை. வெளியே நிற்கிறவனின் சாம்பல்.

"சாம்பலை நாளைக்குப் பூசையிலதான் மந்திரிப்பாங்க, மாமா. இன்னும் சேக்கலாம்."

அவர் குருவியைத் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் வைத்தார். அது இருந்த இடம் சுவரில் வெளிறித் தெரிந்தது. சரியாகப் பொருந்தியது. அப்படியே நின்றார்.

வைத்துக்கொள்ளட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வேண்டாம் என்றும் தோன்றியது. எது சரி என்று எந்தப் பக்கத்திலும் அவள் எழுதி வைத்திருக்கவில்லை.

பிறகு அவர் கை மேலே போனது. எடுத்தார். செபஸ்தியம்மாளின் தாளிப்புக் கரண்டியைத் தேடினார். குருவியை அதில் உட்காரவைத்துத் தீக்குச்சி கிழித்தார்.

முதலில் வால். பிறகு சிறகு. ஒரு கணம் முழுக் குருவியும் வெளிச்சமாக இருந்தது.

பிறகு ஒரு சிட்டிகை.

தேதி காலண்டரில் இன்றைய தாளைக் கிழித்து, அதில் மடித்துக் கொடுத்தார்.

"எனக்குன்னு மேலாக்க வச்சுராத. கூட்டத்தோட கூட்டமா வரட்டும். அவளுக்குத் தனியா நிக்கிறது பிடிக்காது."

*

கோயிலில் யாரும் இல்லை. வெள்ளிக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தாள். காலண்டர் தாளைச் சாய்த்தாள். நாற்பத்தைந்து வீட்டுச் சாம்பலின் மேல் சின்னதாக ஒரு கறுப்பு. விரலால் தொட்டாள். அவள் கைக்குள் வந்த சூடு இன்னும் லேசாக.

குறிப்பேட்டைத் திறந்தாள். அதே பக்கம். பழைய கைரேகைக்குப் பக்கத்தில் புதிய கைரேகை விழுந்தது. இதை அவள் துடைக்கவில்லை.

அதற்குக் கீழே எழுதினாள்:

நாளை, காலை 5 மணி. பூசைக்கு முன் கிண்ணத்துச் சாம்பலை நன்றாகக் கலக்க வேண்டும்.