துணிக்குறி மை

என் வாயை மட்டும் அன்றைக்குத் துணியோடு சேர்த்துக் கொதிநீரில் போட்டிருந்தால், இவ்வளவும் நடந்திருக்காது.

சலவை ஆலைக்கு முதல் லாரி விடிவதற்கு முன்பே வந்துவிடும். விடுதி விரிப்புகள், ஆஸ்பத்திரி அங்கிகள். மூட்டையை அவிழ்த்ததும் நாற்றம் முகத்தில் அறையும். ஈரத்துணி மனிதனைவிடக் கனம். காரத்தண்ணீர் விரலிடுக்கைத் தின்னும். அந்த நேரத்தில் எல்லாருடைய தூக்கத்தையும் கலைக்க நான் ஒரு சேவை செய்துவந்தேன். அழுக்குத்துணிப் பைகளில் மறந்துவிட்ட சீட்டுகளை எடுத்து, செய்தி வாசிக்கும் குரலில் உரக்கப் படிப்பேன். மளிகைப் பட்டியல், காதல் கடிதம், கடன்காரனுக்கு எழுதிய பொய், எல்லாம் வரும். எனக்கு 'ரேடியோ' என்று பெயர் விழுந்தது அப்படித்தான்.

அன்று குவியலின் மேல் ஓர் அட்டை கிடந்தது.

"வணக்கம். தலைப்புச் செய்திகள். எச்.ஐ.வி. சிகிச்சை மையம். மாத்திரை பெற வரவேண்டிய நாள், வியாழன்..."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கை மட்டும் நீண்டது. உருளை இஸ்திரியில் நான்கு வருஷமாக என் எதிரே நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிற அக்காவின் கை. குனிந்தபோது அவள் அங்கியிலிருந்து விழுந்திருக்கிறது.

"குடு," என்றாள்.

கொடுத்தேன். விழுங்கித் தொலைத்திருக்கலாம்.

பத்து மணித் தேநீருக்குள் அவளுடைய டம்ளர் தனியாக நின்றது. மற்றவர்களைச் சொல்வானேன், நானும் என் டம்ளரை இரண்டு தடவை கழுவினேன். மறுநாள் சூப்பர்வைசர் அவளை உருளையிலிருந்து எடுத்து, பின்பக்க அழுக்குத்துணி ஷெட்டில் தனியாகப் போட்டார்.

"எதுக்கு சார்?" என்றாள்.

"பாதுகாப்புக்கு."

"யாரோட பாதுகாப்புக்கு?"

"எல்லாருக்குந்தான்."

தள்ளுவண்டியோடு ஷெட்டுக்குப் போனேன். "அக்கா, என்மேல கோபமா?"

"வண்டியை ஓரமா நிறுத்து," என்றாள்.

அடுத்த வாரமே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். 'தொழிலாளர் உடல்நலத் திட்டம். அனைவருக்கும் இலவச இரத்தப் பரிசோதனை.' பாய்லர்காரர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆவி போகறதுக்கு ஒரு விசிறி கேட்டு நாலு வருஷமாச்சு. அதுக்கு வராத பாசம் ரத்தத்து மேல மட்டும் ஏன்டா வருது?"

சம்மதப் படிவத்தைக் கையில் வாங்கியதும் அவர் சந்தேகம் எல்லாருக்கும் தொற்றியது. அடியில் எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி.

"டேய் ரேடியோ, படி," என்றார் பாய்லர்காரர்.

அட்டைக்குப் பிறகு நான் எதையும் உரக்கப் படித்ததில்லை. படிவத்தை அவரிடமே நீட்டினேன். "படிடா!" என்றார். படித்தேன்: "பரிசோதனை முடிவை நிர்வாகத்திடம் அளிக்கச் சம்மதிக்கிறேன்."

"அதானே பார்த்தேன்!"

வீரம் தலைக்கேறியது எனக்கு. "யாரும் ரத்தம் குடுக்காதீங்க! ஊசியைக் கிட்ட வர விடாதீங்க!"

"வாயை மூடு." ஷெட் வாசலில் அக்கா நின்றிருந்தாள். "எனக்கு ஆரம்பத்துலயே பரிசோதனை பண்ணாங்க, அதனாலதான் இன்னைக்கு உயிரோட நின்னு மூட்டை தூக்கறேன். தினமும் மாத்திரை போட்டா எல்லாரையும் போல நானும் கிழவியாகித்தான் போய்ச் சேருவேன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. ஊசி என்ன பாவம் பண்ணுச்சு? முடிவுச் சீட்டு யார் கைக்குப் போகுது, அதைக் கேளுங்க."

விரிப்பின் மூலையில் விடுதிப் பெயரைக் குறிக்க ஆலையில் ஒரு மை உண்டு. எத்தனை கொதி கண்டாலும் போகாது. துணிக்குக் குறி போடுகிற பெரியம்மா புட்டியைத் திறந்து, தன் படிவத்தில் அந்த வரிமேல் பட்டையாக ஒரு கோடு இழுத்தாள். புட்டி கைமாறியது. நாற்பத்திரண்டு படிவம், நாற்பத்திரண்டு கோடு. கீழே எழுதினோம்: முடிவு அவரவர் கையில் மட்டும். மருந்து வாங்கும் நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு. அக்கா மறுபடி உருளைக்கு.

பரிசோதனை நாளன்று முதலாளி நர்ஸம்மாவின் மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் படிவத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன இது?"

"மை, சார்," என்றேன்.

"கம்பெனி மை!"

"அழியாதுன்னு நீங்கதான் வாங்கிப் போட்டீங்க."

பெரியம்மா நர்ஸிடம் திரும்பினாள். "ஏம்மா, ஒரே துணியைப் பிடிச்சா தொத்துமா?"

நர்ஸ் முதலாளியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "தொத்தாது. டம்ளர்லயும் தொத்தாது."

நான் என் செருப்பைப் பார்த்தேன். பிறகு கேட்டேன்: "முடிவுச் சீட்டு யாருக்குப் போகும்?"

அவள் பஞ்சை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.

"வேற படிவம் அடிச்சுத் தரச் சொல்றேன்," என்றார் முதலாளி.

"அக்காவை எப்ப உருளைக்கு அனுப்புவீங்க?" என்றேன்.

"பரிசீலிக்கறோம். இப்ப அவங்கவங்க இடத்துக்குப் போய் வேலையைப் பாருங்க."

"எத்தனை அடிச்சாலும் மை இருக்கு சார்," என்ற பாய்லர்காரர் எங்களைப் பார்த்துக் கைதட்டினார். "கேட்டீங்கல்ல? அவங்கவங்க இடத்துக்குப் போகச் சொல்லிட்டாரு!"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நேராக உருளைக்கு நடந்தாள். அவள் இடத்தில் நின்ற புது ஆள் சத்தமில்லாமல் விலகினான். சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"உன் இடம் ஷெட்டு!"

நாங்களும் அவரவர் இடத்துக்குப் போனோம், ஆனால் எந்த இயந்திரத்தையும் ஓட்டவில்லை. அவளைத் தவிர நாற்பத்தொரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். பாய்லர் மட்டும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் எங்களையும் முதலாளியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அவரிடம் போனார். இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்தக் கதவு என்ன சொல்லித் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

உருளையின் முன்னால் ஈர விரிப்பு தொங்கியது. அக்கா ஒரு முனையை எடுத்தாள். மறுமுனையை நான் எடுத்தேன். முன்பு நின்ற அதே தூரம்.

"அக்கா, இப்பவாவது சொல்லு. என்மேல கோபமா?"

நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள்.

"ஆமாடா. கோபந்தான். சீக்கிரத்துல போகாது. இப்ப முனையை விட்டுடாம பிடி."