தீ வாளியில் கொத்தமல்லி

ஆபீஸில் தீத்தடுப்பு வகுப்புக்குப் போய் வந்த அப்பா, சினிமாக் கொட்டகையில் தொங்குமே அதுபோலச் சிவப்பு வாளி ஒன்றில் வைகை மணலை நிரப்பி, எங்கள் பசுமலை வீட்டுச் சமையலறையில் மாட்டினார். மாதக்கணக்கில் தீ வரவில்லை. மழை பொய்த்த வருஷம், கடையில் கொத்தமல்லியும் வரவில்லை. அம்மா மணலில் எருவைக் கலந்து மல்லி விதைத்தாள். அப்பா சமையலறைப் பக்கம் வருகிறவர் இல்லை.

ஒருநாள் காலை ஸ்டவ் குப்பென்று பற்றியது. ஓடிவந்த அப்பா வாளியைத் தூக்கினார். உள்ளே பச்சைப்பசேலென்று இருந்தது.

“என்னடி இது?”

“கொட்டாதேங்கோ! துவையலுக்கு வச்சிருக்கேன்.”

“வீடு எரியறதுடி, பாகீரதி!”

“செத்த இருங்கோ, பறிச்சுண்டுடறேன்.”

அம்மா பறித்தாள். அப்பா வாளியைப் பிடித்தார். நான் முறத்தைப் பிடித்தேன். அலமாரியில் விரித்திருந்த பேப்பர் பற்றிய பிறகுதான் மணல் விழுந்தது. தீ அணைந்தது.

“பார்த்தேளா, முன்னேற்பாடுன்னா இதுதான்!” என்றார் அப்பா.

மத்தியானம் துவையல் நறநறத்தது.

சாயங்காலம் அப்பா புது மணல் கொண்டுவந்து வாளியை நிரப்பினார். அதை மாட்டிவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

“இந்தத் தடவை வெந்தயக்கீரை போடு. கொத்தாப் பிடுங்கிடலாம்.”