கூறைக்குச் சொன்ன கலிமா

கொழும்புப் புறக்கோட்டையில் சீலை விற்பவனுக்கு மூன்று நாக்கு வேண்டும் என்பார்கள்: சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று, கொள்விலையை மறைக்க ஒன்று. இஸ்ஸதீன் முதலாளியிடம் நான்காவதும் இருந்தது. பேரம் முட்டி நிற்கும்போது தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "லா இலாஹ இல்லல்லாஹ். இதுக்குக் கீழ குடுத்தா எனக்கு நட்டம்" என்பார். இஸ்லாத்தின் மூலமந்திரமான அந்தக் கலிமாவின் கடைசியைச் சற்று இழுத்து, கத்தரி துணியைக் கடிப்பதுபோல் வெட்டி நிறுத்துவார். வந்திருப்பது சைவமோ கிறிஸ்தவ வேதமோ, கலிமா சொன்ன முஸ்லிம் பொய் சொல்லமாட்டான் என்று பையைத் திறந்துவிடும். அப்படி நட்டப்பட்டு நட்டப்பட்டே வெள்ளவத்தையில் கடல் தெரியும் மாடிவீடு ஒன்றை வாங்கியிருந்தார்.

ஒரு நாள் கல்கிசையிலிருந்து அனுஷியா என்ற அம்மா மகளின் கலியாணத்துக்குக் கூறைச்சீலை எடுக்க வந்தாள். பேரம் முட்டியது. முதலாளி தொப்பியைத் தொட்டார்.

"லா இலாஹ..."

அவ்வளவுதான். மிச்சம் வரவில்லை. வாய் திறந்தே இருந்தது. விற்பனையில் நிற்கும் கொட்டாஞ்சேனை பேர்னாட் தண்ணீர் கொண்டு ஓடிவந்தான். அனுஷியா கூறையை அப்படியே வைத்துவிட்டு, "பிறகு வாறன்" என்று நழுவிவிட்டாள்.

லா இலாஹ என்றால் இறைவன் இல்லை. இல்லல்லாஹ் என்றால் அல்லாஹ்வைத் தவிர. முன்பாதி மறுப்பு, பின்பாதிதான் ஈமான், நம்பிக்கை. நடுவில் தங்க மடம் கிடையாது. முதலாளி அந்த நடுவில் மாட்டிக்கொண்டார். தொழுகை இருப்பில் சாட்சி சொல்ல விரலை உயர்த்துவார். விரல் நிற்கும், சொல் பாதியில் நிற்கும். தொண்டை டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்து, நாக்கில் ஒரு பழுதும் இல்லை என்றார். சீலை விலை, பஸ் கொண்டக்டரோடு சண்டை, மனைவிக்குச் சமாதானம் எல்லாம் தண்ணீர்போல் வந்தன. அந்த ஒன்றுதான் வரவில்லை.

இந்த நிலையில்தான் அவருடைய ராத்தா, மூத்த அக்கா மஸாஹிரா, சக்கராத்தில், சாவின் கடைசி இழுப்பில் விழுந்தாள். பிள்ளை இல்லாத விதவை, தம்பியின் வீட்டிலேயே இருந்தவள். உயிர் பிரியும் நேரத்தில் ஒருவர் காதருகே கலிமாவை மெல்லச் சொல்லவேண்டும். போகிறவர் அதைத் திருப்பிச் சொன்னபின் வேறு பேச்சுக் கொடுக்கக்கூடாது, அதுவே கடைசிச் சொல்லாக இருக்கட்டும் என்று. ராத்தா அதற்கு ஆளையும் முன்பே பேசி வைத்திருந்தாள்.

"ஹஸரத்துமார் வேணாம். நீ கலிமா செல்லு. கூறைக்குச் செல்றாய், கூடப்பொறந்தவளுக்குச் செல்லமாட்டியா?"

பின்னேர அஸர் தொழுகை நேரம். கடல் சத்தமில்லாமல் கிடந்தது. முன்வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா பாலேஸ்வரி பஞ்சை மக்கத்து ஸம்ஸம் தண்ணீரில் நனைத்து ராத்தாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். முதலாளி போனில் கலிமாவைத் தேடிப் போட்டார். ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போனுக்கு மவுத்து ஈக்கா? சாகாதது சாகப்போறவளுக்குச் செல்றதா?"

ஹஸரத்தை அழைக்கப் பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்ப எழுந்தார். அவள் கை அவர் சாரத்தைப் பிடித்தது. அவ்வளவு பலம் அந்தக் கையில் இருக்க நியாயமில்லை.

"சொல்லுங்கோ தம்பி. மூச்சு மேல ஏறுது" என்றாள் பாலேஸ்வரி.

அவர் குனிந்தார். "லா இலாஹ..."

"லா இலாஹ" என்றாள் ராத்தா, மூச்சு வாங்கி, உலர்ந்த உதட்டில் சொல் ஒட்ட. நிறுத்தினாள். கண்கள் அவர் வாயிலேயே இருந்தன.

இந்த இடத்தில் மூச்சுப் போனால் அவள் மறுப்போடு போவாள். அங்கே கொண்டுபோய் விட்டவர் அவர். தொண்டையை நெரித்தார், நாக்கைக் கடித்தார், ரத்தம் கரித்தது. சொல் வரவில்லை. மின்விசிறி தானாக ஓய்ந்தது. ராத்தாவின் நெஞ்சு ஏறியது, இறங்கவில்லை.

அப்போது இஸ்ஸதீன் முதலாளியின் குரல் அறையில் கேட்டது.

"இல்லல்லாஹ்."

கடையில் சொல்வது அச்சொட்டாக அப்படியே. கடைசியில் அந்த இழுவை, அந்த வெட்டு. அவருடைய வாய் மூடியிருந்தது. அசைந்தது ராத்தாவின் உதடு.

பிறகு நெஞ்சு இறங்கியது.

பாலேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். "வடிவாச் சொல்லிக் குடுத்திட்டியள் தம்பி. இனி அவவுக்கு ஒரு குறையும் இல்லை."

"நான் செல்லல்லையே."

"என்ன கதைக்கிறியள்? உங்கட குரல் எனக்குத் தெரியாதே?"

ராத்தாவின் உடல் கிடந்த ஸந்தூக்கைத் தூக்கியவர்கள் வழியெல்லாம் கலிமா சொன்னார்கள். முதலாளி தோள் கொடுத்தார், வாய் திறக்கவில்லை. திறந்தால் மிச்சத்தை உள்ளேயிருந்து யார் சொல்வார்களோ என்ற பயம்.

துக்கம் முடிந்து கடை திறந்த பிறகு அனுஷியா மறுபடி வந்தாள். அதே கூறையை விரித்தாள், அதே பேரம், அதே முட்டு. தொப்பிக்குப் போன கை பாதியில் நின்றது.

"இதில எனக்கு நட்டம் ஒண்டும் இல்ல" என்றார். "லாபம் ஈக்கி. அதில கொஞ்சம் குறைக்கலாம்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சத்தியம் பண்ணேல்லையோ? அப்ப இதில ஏதோ பழுது இருக்கு." கூறையை வெளிச்சத்தில் பிடித்து இழை இழையாகத் தடவினாள். பழுது கிடைக்கவில்லை. சந்தேகம் தீராமலே வாங்கிக்கொண்டு போனாள்.

கடையில் வேறு சனம் இல்லை. விரித்த சீலைகளை மடித்துக்கொண்டே, விற்க ஒன்றுமில்லாமல், கேட்க ஒருவரில்லாமல், அவர் மெல்லத் தொடங்கினார். லா இலாஹ. சொல் அங்கேயே நின்றது. காத்திருந்தார். ராத்தா காத்திருந்த மாதிரி.

வந்தது. முழுதாக வந்தது. இழுவை இல்லை, வெட்டும் இல்லை. மூச்சு வாங்கி வாங்கி, உலர்ந்த உதட்டில் ஒட்டி ஒட்டி.

கடைக்கோடியில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்த பேர்னாட் தலையை நிமிர்த்தினான்.

"முதலாளி, உள்ளுக்கு ஒரு அம்மா நிக்கிறாவா? யாரோ பொம்பிளை கதைச்ச மாதிரி இருந்திச்சு."